சிடி ஸ்கேன் இருக்கும்போது அறுவையின் நடுவே அல்ட்ராசவுண்ட் எதற்கு?

உங்கள் தந்தையாரின் வலது சிறுநீரகத்தில் 3 செ.மீ. கட்டி இருப்பதாகவும், துளைவழி அறுவையில் (லாப்ராஸ்கோபி, அதாவது சிறு துளைகள் வழியே கேமராவில் பார்த்துச் செய்வது) கட்டியை மட்டும் நீக்கப்போவதாகவும், மருத்துவமனை தந்த செலவு மதிப்பீட்டில் 'அறுவையின்போது அல்ட்ராசவுண்ட்' என்று தனியாக ஒரு வரி இருப்பதாகவும் பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். சிடி ஸ்கேன் எடுத்த பிறகும் மருத்துவருக்குச் சந்தேகமா என்பது உங்கள் கேள்வி. பினாங்கில் அறுவை அரங்குத் தாதியாக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியைச் சந்தேகத்தின் அடையாளமாக எண்ண வேண்டியதில்லை.

சிடி எடுக்கும்போது உங்கள் தந்தையார் மல்லாந்து படுத்து மூச்சை அடக்கியிருப்பார். அறுவையிலோ அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, குடலை ஒதுக்கிச் சிறுநீரகத்தைச் சுற்றுத்திசுக்களிலிருந்து விடுவிப்பார்கள். அதற்குள் அது படத்தில் இருந்த நிலையிலிருந்து நகர்ந்து, சற்றே திரும்பியும் இருக்கும். கட்டி வெளியே புடைத்திருந்தால் கேமராவிலேயே தெரிந்துவிடும். உள்ளே புதைந்திருந்தால் சிறுநீரகத்தின் மேற்பரப்பு வழவழவென்றே இருக்கும். திறந்த அறுவையில் மருத்துவர் விரலால் அழுத்தி அதைக் கண்டுகொள்வார். துளைவழி அறுவையில் அந்த விரல் உள்ளே போவதில்லை; அதன் வேலையை அல்ட்ராசவுண்ட் செய்கிறது. அறுவை மருத்துவர் ரால்ஃப் கிளேமன் 1990இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் லாப்ராஸ்கோபி மூலம் முதன்முதலில் அகற்றியது முழுச் சிறுநீரகத்தை. முழுவதையும் எடுக்கும்போது கட்டியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தேட வேண்டியதில்லை. கட்டியை மட்டும் எடுத்து, நல்ல பகுதியைக் காப்பாற்றும்போதுதான் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்காகிறது.

அல்ட்ராசவுண்ட் படம் எடுக்கும் கருவியான புரோப், 12 மி.மீ. துளை வழியாக நுழையும் மெல்லிய தண்டு. அதன் நுனியை வளைக்க முடியும். ரோபோ அறுவையானால், கேபிள் பிணைத்த சிறு துண்டாக அதை உள்ளே விட, ரோபோவின் பிடிகருவி பற்றிக்கொள்ளும். படம் மருத்துவரின் திரையிலேயே கேமராக் காட்சியோடு சேர்ந்து வரும். புரோப்பைச் சிறுநீரகத்தின்மேல் வைத்து நெடுக்கிலும் குறுக்கிலும் நகர்த்திக் கட்டியின் ஆழம், சிறுநீர் சேரும் பகுதியும் இரத்த நாளங்களும் அதற்கு எவ்வளவு அருகில் உள்ளன என்பவற்றைப் பார்த்த பின், விளிம்புக்குச் சிறிது வெளியே மேலுறையைச் சுட்டு வட்டமாக அடையாளமிடுவார்கள். வெட்டுவது அந்தக் கோட்டின்படிதான்.

வெட்டுவதற்கு முன் சிறுநீரகத் தமனியைக் கிளாம்ப் போட்டு அடைக்கும் வழக்கம் உண்டு. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகள் உண்டு. ஒன்றை அடைக்காமல் விட்டால் வெட்டும் இடம் இரத்தத்தில் மூழ்கிவிடும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் என்ற அல்ட்ராசவுண்ட் முறையில் பார்த்தால் ஓட்டம் நின்றதா என்பது உடனே தெரிந்துவிடும். கிளாம்ப் போட்ட கணத்திலிருந்து அரங்கில் ஒருவர் நேரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். 25 முதல் 30 நிமிடங்களுக்குள் தைத்து முடிக்கப் பார்ப்பார்கள். அதனால்தான் தேடும் வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எங்கள் பங்கு சின்னதுதான், ஆனால் பதறவைக்கும். புரோப் வெப்பம் தாங்காது, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட முடியாது. நான் இருந்த இடத்தில் கிருமிநீக்கிய ஜெல்லை உறைக்குள் விட்டு, அதில் புரோப்பை நுழைத்து, நுனிவரை விரலால் வழித்துக் காற்றை வெளியேற்றுவோம். ஒருமுறை நான் ஒரு குமிழியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். திரையின் நடுவே கறுப்புப் பட்டை ஒன்று விழுந்தது; கட்டியின் பாதி அதற்குள் மறைந்துவிட்டது. மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் புரோப்பை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார். அல்ட்ராசவுண்டின் ஒலியலைகளைக் காற்று உள்ளே போகவிடாமல் திருப்பியனுப்பிவிடும் என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே படித்திருந்தேன். அன்றுதான் அது மனத்தில் பதிந்தது.

வார்டில் ஒரு பாட்டி, "மிஸ்ஸி, எனக்கு எதுக்கு இந்தப் பிள்ளைத்தாய்ச்சி ஸ்கேன்?" என்று கேட்டது நினைவுக்கு வருகிறது. அடிப்படை ஒன்றுதான். கதிர்வீச்சு இல்லை, வழக்கமாகச் சாய ஊசியும் தேவைப்படாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது நல்ல செய்தி.

ஆனால் கட்டி புற்றுநோயா இல்லையா என்பதை இது சொல்லாது. அதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். சில கட்டிகள் சுற்றியுள்ள திசுவைப் போலவே சாம்பல் நிறத்தில் தெரிவதால், பழகிய கண் இல்லாவிட்டால் விளிம்பு பிடிபடாது. உங்கள் தந்தையாரின் கட்டி பெரும்பாலும் வெளியே புடைத்திருந்தால், சில மருத்துவர்கள் புரோப்பைத் தொடாமலேயே முடித்துவிடுவதும் உண்டு. ஆகவே அடுத்த சந்திப்பில், கட்டி எவ்வளவு உள்ளே இருக்கிறது, இரத்த நாளங்களுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். கருவியைப் பயன்படுத்தாவிட்டால் அந்த வரிக்கான ரிங்கிட் பில்லிலிருந்து கழிக்கப்படுமா என்பதைக் கட்டணப் பிரிவில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.