வீடு இருவர் பெயரில் இருந்தால் உயில் வேண்டாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 64. கடன் அடைத்து முடித்த டெரஸ் வீடு என் பெயரிலும் மனைவி பெயரிலும் சமபாதியாக இருக்கிறது. அம்மா உயிரோடு இருக்கிறார். இரண்டு மகன், ஒரு மகள் என மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு வியாபாரத்துக்கு நிறையக் கொடுத்தாகிவிட்டது, அதனால் மிச்சத்தை மற்ற இருவருக்கும் மனைவிக்கும் விட நினைக்கிறேன். ஈபிஎப்பில் (ஊழியர் சேமநிதியில்) மனைவியை நியமித்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் எடுத்த இன்சூரன்சில் தங்கையின் பெயர் இருக்கிறது. நானே தமிழில் உயில் எழுதி, இளைய மகனையும் பக்கத்து வீட்டு நண்பரையும் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லலாமா? வீடு இரண்டு பேர் பெயரில் இருந்தால் உயிலே தேவையில்லை என்கிறார்களே?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பலரும் தடுக்கி விழுவது அங்கேதான். சிங்கப்பூரில் ஒரு வகைக் கூட்டு உரிமை உண்டு. ஒருவர் இறந்தால் வீடு தானாகவே மற்றவருக்குப் போய்விடும். தீபகற்ப மலேசியாவின் நிலச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. கெரானில் (நிலப் பட்டாவில்) இரண்டு பெயர் இருந்தால் ஆளுக்கொரு பங்கு, அவ்வளவுதான். உங்கள் பாதி உங்கள் சொத்து. உங்களுக்குப் பிறகு அது உயில்படி போகும், உயில் இல்லையென்றால் 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டத்தின்படி போகும்.

அந்தச் சட்டம் எப்படிப் பிரிக்கிறது? துணை (கணவன் அல்லது மனைவி), பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் துணைக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். வீட்டின் விலை 480,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாதி 240,000. அதில் மனைவிக்கு 60,000, அம்மாவுக்கு 60,000, மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு 40,000. மூத்தவருக்குக் கொடுத்தது போதும் என்ற உங்கள் கணக்கு அங்கே செல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பங்கு கைக்கு வந்தபின் அம்மாவும் உயில் எழுதாமல் காலமானால், வீட்டில் அவருடைய அந்த எட்டில் ஒரு பங்கு உங்கள் தம்பி தங்கைகளுக்கும், உங்கள் இடத்தில் உங்கள் பிள்ளைகளுக்கும் பிரியும். அதன்பின் வீட்டை விற்க உங்கள் மனைவி அத்தனை பேர் வீட்டு வாசலிலும் கையெழுத்துக்கு நிற்க வேண்டியிருக்கும். ஆகவே உயில் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

(இங்கே சொல்வதெல்லாம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்குப் பராய்து என்ற இஸ்லாமிய வாரிசுப் பங்கீட்டு முறை பொருந்தும். அங்கே உயிலின் (வசியத்) எல்லை வேறு.)

அடுத்து, உயில் எதைத் தொடும், எதைத் தொடாது என்று பார்க்க வேண்டும். ஈபிஎப் பணம் நீங்கள் நியமித்த மனைவிக்கே போகும். உயிலில் “ஈபிஎப்பைப் பிள்ளைகளுக்குப் பிரிக்கவும்” என்று எழுதினால் அந்த வரிக்கு மதிப்பில்லை. பிரிக்க வேண்டுமானால் ஈபிஎப்பிலேயே நியமனத்தை மாற்றி விழுக்காடு போட வேண்டும்.

இன்சூரன்ஸ் கொஞ்சம் நுணுக்கமானது. கணவன், மனைவி, பிள்ளைகளை நியமித்தால் அந்தப் பணம் அவர்களுக்கென்று அறக்கட்டளைபோலத் தனியாக நிற்கும், உங்கள் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. துணையும் பிள்ளையும் இல்லாதபோது பெற்றோரை நியமித்தாலும் அப்படியே. தங்கை அந்த வரிசையில் இல்லை. அவர் கையில் பணம் வந்தாலும் அவருக்கே சொந்தமாக வராது, நிறைவேற்றுபவர் (சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர்) என்ற முறையில்தான் வரும். உயில்படியோ சட்டப்படியோ அவர் பிரித்துக் கொடுக்க வேண்டும். சட்டம் இப்படியிருக்க, “அண்ணன் எனக்குத்தானே எழுதியிருக்கிறார்” என்று தங்கை நினைப்பதும் இயல்பே. உயிலில் எழுதி இந்த நியமனத்தை ரத்து செய்யவும் முடியாது. உயிலுக்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் படிவத்தில் மனைவி பெயரை மாற்றிவிடுங்கள். ஆனால் அதன்பின் மறுபடி மாற்ற, அந்தப் பணத்துக்குப் பொறுப்பான அறங்காவலரின் சம்மதம் வேண்டும். நீங்கள் வேறு ஒருவரை வைக்காவிட்டால் மனைவியே அறங்காவலர். யோசித்துச் செய்யுங்கள்.

இப்போது உயில். தமிழில், கையாலேயே எழுதலாம், தடையில்லை. நீதிமன்றத்துக்குப் போகும்போது சான்றிட்ட மொழிபெயர்ப்பு தேவைப்படும். பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கட்டாயமானது கையெழுத்து முறை. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் எதிரில் இருக்க, நீங்கள் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்திட வேண்டும். பிறகு அவர்கள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். காலையில் ஒருவர், பஜாருக்குப் போய்வந்தபின் இன்னொருவர் என்று வாங்கினால் உயில் செல்லாது. சாட்சிகள் உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியதில்லை. முழுப்பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி எழுதட்டும். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் மூவரும் சிறுகையெழுத்து இட்டால் பக்கம் மாறியது என்ற பேச்சு வராது.

இளைய மகனைச் சாட்சியாக வைக்கவே கூடாது. உயில் செல்லும், ஆனால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகும். அவருடைய மனைவி சாட்சியாக நின்றாலும் அதே கதிதான். மூத்தவரை விலக்கப் போய், இளையவரையும் விலக்கியதாக முடியும். பக்கத்து வீட்டு நண்பர் சரி, இன்னொருவரையும் வெளியிலிருந்தே பாருங்கள். உங்களைவிட வயதில் இளையவராக இருந்தால் நல்லது, பின்னாளில் சாட்சி சொல்ல வேண்டிவரலாம்.

மூத்தவருக்கு எதுவும் விடாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. துணை, மணமாகாத மகள், வயது வராத மகன், உடலோ மனமோ குன்றித் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை ஆகியோர் பராமரிப்பு கேட்டு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போகலாம். தன் காலில் நிற்கும் வளர்ந்த மகன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் “மூத்த மகனுக்கு என் வாழ்நாளிலேயே கொடுத்துவிட்டேன்” என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லையென்றால் அப்பா மறந்துவிட்டார், நினைவு சரியில்லை என்று சண்டை அங்கிருந்து கிளம்பும்.

பலரும் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு: “மேலே குறிப்பிடாத, எனக்குச் சொந்தமான மற்ற எல்லாமும் இன்னாருக்கு.” பேங்க் கணக்கு எண், கார் எண் என்று பட்டியல் போடுவார்கள். பிறகு கணக்கை மூடி வேறு பேங்கில் திறப்பார்கள், கார் மாறும். பழைய எண்ணுக்கு எழுதியது காற்றில் போகும், புதியது மறுபடி பங்கீட்டுச் சட்டத்துக்குள் விழும். அந்த ஒரு வரி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். மனைவி உங்களுக்கு முன்பே காலமானால் அவர் பங்கு யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

நிறைவேற்றுபவராக மனைவியையே வைக்கலாம், மாற்றாக மகளை வையுங்கள். பங்கு பெறுபவர் நிறைவேற்றுபவராக இருக்கத் தடையில்லை, சாட்சிக்குத்தான் அந்தத் தடை. உங்களுக்குப் பிறகு அவர் வழக்கறிஞர் மூலம் ஜார்ஜ் டவுன் உயர் நீதிமன்றத்தில் மனு போடுவார். உயில் இருந்தால் ஜாமீன்காரர் தேவையில்லை. உயில் இல்லாமல் 50,000 வெள்ளிக்கு மேற்பட்ட சொத்துக்கு நிர்வாக உரிமை கேட்டுப் போனால், நீதிமன்றம் விலக்கு தந்தாலொழிய இரண்டு ஜாமீன்காரர்களைத் தேட வேண்டும். வாரிசு வரி 1991-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

நீதிமன்றம் கேட்பது அசலை. உங்கள் கையில் இருந்த அசல் காணாமல் போனால், நீங்களே கிழித்துப் போட்டதாகத்தான் முதலில் கருதப்படும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள பேங்க் லாக்கரில் வைத்தால், அதைத் திறக்கவே நீதிமன்ற ஆணை கேட்பார்கள். வழக்கறிஞரிடமோ வீட்டுப் பெட்டியிலோ வைத்து, இடத்தை மனைவியிடமும் மகளிடமும் சொல்லிவிடுங்கள். உயிலோடு கெரானையோ ரசீதையோ கிளிப் போட்டு இணைக்காதீர்கள், ஸ்டேப்ளர் பின்னைப் பிரிக்கவும் வேண்டாம். அந்தத் தடங்களைப் பார்த்து, இதோடு இருந்த தாள் எங்கே என்று கேள்வி வரும்.