பதில்: மிதி தையல் மெஷின் பின்னால் சுற்றுகிறது, அடியில் நூல் சிக்குகிறது

மிதிக்கும்போது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுகிறது, துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலில் கால். மெஷினின் வலப்பக்கம் இருக்கும் கைச்சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்துங்கள். சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. வலது கையால் சக்கரத்தின் மேற்பகுதியை உங்கள் பக்கம் இழுத்துவிட்டு, அது நகர்ந்த பிறகு மிதியுங்கள். நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போதுதான் பெரும்பாலும் பின்னால் ஓடும். அது பழகியதும் திருகை இறுக்கி, நூல் கோர்க்காமல், கோடு போட்ட நோட்டுத்தாளில் கோட்டின்மேல் ஓட்டுங்கள். பழைய ஊசி போதும், தாள் முனையை மழுக்கிவிடும்.

அடியில் சிக்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குடைவார்கள். குற்றம் பெரும்பாலும் மேல்நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலைக் கோர்த்துவிடுங்கள். இறக்கியிருந்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் அவற்றின் நடுவில் உட்காராது. தைக்கத் தொடங்கும்போது இரு நூல் நுனிகளையும் 4 அங்குலம் விட்டு, பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று நான்கு தையல் போடுங்கள்.

அப்புறமும் தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியைக் கழற்றிப் பாருங்கள். நீளப் பள்ளம் இருக்கும் பக்கமிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும். காட்டன் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி சரியாக இருக்கும்.