மலையக்கா பதில்கள்: ரெண்டாம் பாகம்னாலே ஏமாத்தா?

போன வாரம் முழுக்க மழை, மூணு நாள் ஸ்கூல் லீவு, கரண்டு வர்றதும் போறதுமா இருந்துச்சு, அதனாலயோ என்னவோ இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல கார்ட்டூன் படத்தை பத்திதான். கேரட் விலை கேட்டவங்க, மாமியார் பிரச்சனை எழுதினவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, எனக்கு பையன் 14, பொண்ணு 7. லீவு விட்டா ரெண்டும் டிவிக்கு அடிச்சுக்குது. அவ எந்த படம்னாலும் ரெண்டாவது பார்ட், மூணாவது பார்ட்டுதான் போடுன்னு நிக்கிறா. இவன் "ஃபர்ஸ்ட் பார்ட்தான் படம், மீதி எல்லாம் காசு புடுங்குறது"ங்கிறான். எங்க வீட்டுக்காரரும் அவன் கட்சி. நிஜமாவே அப்படித்தானா?
ஒரு வாசகி, குன்னூர்

பதில்: உங்க பையன் சொல்றது பாதி சரி கண்ணு. காசுக்குத்தான் எடுக்குறாங்க. ஆனா முதல் பாகத்தை மட்டும் என்ன அன்னதானமாவா எடுத்தாங்க? அதனால காசை விட்டுடுவோம். நான் பார்க்குறது வேற. மளிகைக் கடையில நோட்டு போட்டு வாங்குவோம்ல, மாசக் கடைசில புரட்டினா பாக்கி நிக்குதா தீர்ந்துச்சான்னு தெரியும், படமும் அப்படித்தான். முதல் படம் முடியுறப்போ கதையில ஏதாவது பாக்கி நின்னா அடுத்த பாகத்துக்கு வேலை இருக்கு. எல்லாம் தீர்ந்து நோட்டையும் கிழிச்சு போட்டாச்சுன்னா, எடுக்குறவங்க புதுசா கடன் வாங்கித்தான் கதையை ஓட்டணும், அது எப்படியும் தெரிஞ்சுடும்.

குங்ஃபூ பாண்டா 2008-ல வந்துச்சு. அந்த குண்டு பாண்டாவுக்கு அப்பா யாருன்னா ஒரு வாத்து, நூடுல்ஸ் கடை வச்சிருக்குற வாத்து. அது எப்படின்னு படம் முழுக்க ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. ஒரு இடத்துல அந்த அப்பா, ரொம்ப நாள் முன்னாடியே உன்கிட்ட சொல்லிருக்கணும்னு இழுப்பாரு, நாமளும் ஆஹா இப்ப வரப்போகுதுன்னு நிமிர்ந்து உட்கார்ந்தா சூப்போட ரகசியத்தை சொல்லிட்டு போயிடுவாரு. சிரிச்சுட்டு விட்டுட்டோம். அந்த பாக்கியை 2011-ல ரெண்டாம் பாகத்துல வட்டியோட தீர்த்தாங்க. கடை பின்னாடி காய்கறி பெட்டி வந்து இறங்குது, முள்ளங்கி இருக்க வேண்டிய பெட்டில முள்ளங்கி இல்ல, எல்லாத்தையும் தின்னுட்டு ஒரு பாண்டா குட்டி உட்கார்ந்திருக்கு. வாத்து அதை உள்ள கூட்டிட்டு போய் சோறு போட்டு குளிப்பாட்டி, யாராவது தேடி வருவாங்கன்னு பார்த்துட்டே இருக்கு, யாரும் வரல. கடைசில ரெண்டு முடிவு எடுத்தேன்னு சொல்லுவாரு, இனிமே சூப்புல முள்ளங்கி போடுறதில்ல, அப்புறம் உன்னை என் புள்ளையா வளர்க்குறது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு விடியக்காலம் முள்ளங்கியும் கேரட்டும் லோடு ஏத்துற வீட்டு பசங்ககிட்ட இந்த சீனை போட்டு பாருங்க, சத்தமே வராது. எனக்கு முதல் பாகத்தை விட இதுதான் உசத்தி, சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

டாய் ஸ்டோரியும் அதே மாதிரிதான். 1995-ல முதல் படம், முழுசும் கம்ப்யூட்டர்லயே செஞ்ச முதல் முழுநீள படம். புது பொம்மை வந்தா பழசை ஒதுக்கிடுவாங்களோங்கிற பயம்தான் கதை, அது நல்லபடியா தீர்ந்துடுச்சு. ஆனா பொம்மை வச்சிருக்குற பையன் வளர்ந்துட்டா என்ன பண்றதுங்கிற பாக்கி அப்படியே நின்னுச்சு. 1999-ல வந்த ரெண்டாம் பாகம் அங்கதான் கை வச்சுச்சு. பொம்மையோட கிழிஞ்ச கையை சரி பண்ண ஒரு தாத்தா பெட்டியோட வருவாரு, ஊசில நூல் கோத்து தைக்கிறது, கண்ணை துடைக்கிறது, கன்னத்துக்கு கலர் ஏத்துறதுன்னு ஒவ்வொண்ணையும் எவ்ளோ பதமா செய்வாரு, பார்த்துட்டே இருக்கலாம். கடைசில பூட்ஸ் அடில அந்த பையன் எழுதி வச்ச பேர் மேல பெயிண்ட்டை இழுத்து மறைச்சுடுவாரு. எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, அந்த இடத்துல "அய்யய்யோ, பேரை அழிச்சுட்டானே"ன்னு கத்திட்டாங்க.

அந்த படத்துக்கு நடந்த கூத்து தெரியுமா? எடுத்துட்டு இருக்கும்போதே யாரோ தப்பா ஒரு கமாண்ட் அடிச்சு படத்தோட ஃபைல் பெரும்பகுதி கம்ப்யூட்டர்ல இருந்து அழிஞ்சுடுச்சு, ஆஃபீஸ் பேக்கப்பும் சரியா வேலை செய்யல. கைக்குழந்தை இருந்ததால வீட்ல இருந்து வேலை பார்த்துட்டு இருந்த ஒரு அம்மா, கேலின் சஸ்மன்னு பேரு, அவங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருந்துச்சு, அதை போர்வை சுத்தி கார்ல பத்திரமா தூக்கிட்டு வந்தாங்க. இவ்ளோ பாடுபட்டு காப்பாத்தின படத்தை அப்புறம் பார்த்துட்டு கதை சரியில்லன்னு ஒன்பது மாசத்துல பெரும்பாலும் திரும்ப செஞ்சாங்க. முதல்ல இதை தியேட்டருக்கு இல்லாம வீடியோ கேசட்டுக்குன்னுதான் ஆரம்பிச்சாங்கங்கிறது இன்னொரு கூத்து. காசு புடுங்க மட்டும் எடுத்திருந்தா அப்படியே விட்டிருப்பாங்கன்னு உங்க பையன்கிட்ட சொல்லுங்க.

மூணாவது பாகம் 2010, பையன் காலேஜுக்கு கிளம்புறான், 95-ல முதல் படம் பார்த்த குழந்தைங்களும் அப்ப காலேஜ் போற வயசு. அத்தோட கணக்கு முடிஞ்சுது. 2019-ல நாலாவது வந்துச்சு, ஆஸ்கர் கூட வாங்குச்சு, ஆனா எனக்கென்னவோ பந்தி முடிஞ்சு வெத்தலை போட்டப்புறம் திரும்ப இலை போட்ட மாதிரி இருந்துச்சு.

உங்க வீட்டுக்காரர் கட்சிக்கும் சாட்சி வேணும்ல, கார்ஸ் 2 பார்க்க சொல்லுங்க. 2011. முதல் படத்துல ஓரமா நின்னு சிரிக்க வச்ச, ரிப்பேர் காரை கட்டி இழுக்குற டிரக்கை ஹீரோ ஆக்கி, உளவாளி கதைன்னு நாடு நாடா ஓட விட்டாங்க. முதல் படத்துல அப்படி ஒரு பாக்கியே கிடையாது, பொம்மை கார் வியாபாரம் நல்லா போச்சு, அவ்ளோதான். ஊறுகாய் நல்லா இருக்குன்னு அதையே சோறா போட்டா எப்படி சாப்பிடுறது?

நடுவுல நிக்கிறது ரெண்டு. நீமோ கதை 2003-லயே தீர்ந்து போச்சு, அப்பா மீன் புள்ளையை தனியா விட கத்துக்கிச்சு, முடிஞ்சுது. 2016-ல மறதிக்கார டோரிக்கு ஒரு அம்மா அப்பாவை புதுசா உண்டாக்கி கதை பண்ணாங்க. பொண்ணு என்னைக்காவது வழி கண்டுபிடிச்சு வருவான்னு அவங்க வீட்டை சுத்தி எல்லா பக்கமும் சிப்பியை வரிசை வரிசையா அடுக்கி வச்சிருக்குற இடம் ஒண்ணு போதும், ஆனா அப்புறம் ஆக்டோபஸ் லாரி ஓட்டுது, நான் எழுந்து டீ போட போயிட்டேன். இன்கிரெடிபிள்ஸ் 2004-ல பாக்கியோடதான் முடிஞ்சுது, 14 வருஷம் கழிச்சு 2018-ல அதே நிமிஷத்துல இருந்து தொடங்குச்சு, வில்லி யாருன்னு பாதிலயே என் அண்ணன் பொண்ணு சொல்லிட்டா. ஆனா அந்த அப்பா ராத்திரி பையனுக்கு கணக்கு சொல்லி குடுக்க முடியாம, கணக்கை எதுக்கு மாத்துனாங்கன்னு புலம்புற இடம், அது நம்ம எல்லார் வீட்லயும் நடக்குறதுதானே!

அண்ணன் பொண்ணுன்னதும் ஞாபகம் வருது. 2024 ஜூன்ல இன்சைட் அவுட் 2 பார்க்க அவளை கூட்டிட்டு கோயம்புத்தூர் இறங்கினேன், அவளுக்கும் 13, படத்துல வர்ற பொண்ணு ரைலிக்கும் 13. மூளைக்குள்ள ஆரஞ்சு கலர்ல பதட்டம்னு ஒண்ணு புதுசா வந்து எல்லாத்தையும் தானே பார்த்துக்குறேன்னு பட்டனை எல்லாம் புடிச்சுக்கும், கடைசில சூறாவளி மாதிரி சுத்தி சுத்தி, நடுவுல கை அப்படியே உறைஞ்சு போய், கண்ணுல தண்ணியோட நிக்கும். வெளிய அந்த பொண்ணு மூச்சு வாங்குது. நான் பக்கத்துல திரும்பினா இவ பாப்கார்னை மடியில வச்சுட்டு அசையாம உட்கார்ந்திருக்கா. கோத்தகிரிக்கு திரும்புறப்போ குஞ்சப்பனை பக்கம் பஸ் நின்னுடுச்சு, பலாப்பழ சீசன், யானை ரோட்ல நிக்குது, டிரைவர் லைட்டை அணைச்சுட்டார். அந்த இருட்டுல என் காது பக்கம் வந்து "அத்தை, எனக்கும் எக்ஸாம் அன்னைக்கு அப்படித்தான் ஆகும், யார்கிட்டயும் சொன்னதில்ல"ன்னா. முதல் பாகம் வந்தது 2015-ல, அப்ப அவளுக்கு நாலு வயசு. இந்த ரெண்டாம் பாகம் உலகம் முழுக்க சுமார் 169 கோடி டாலர் வாங்குச்சாம், வாங்கட்டும்.

கேள்வி: முதல் பாகம் பார்க்காம நேரா ரெண்டாவது பார்க்கலாமா?
கல்லூரி மாணவி, ஊட்டி

பதில்: தாராளமா. புரியலன்னா அது படத்தோட குத்தம். ஷ்ரெக் மட்டும் முதல்ல இருந்து பாரு, 2004-ல வந்த ரெண்டாவது அதை விட நல்லா இருக்கும், ஆனா மாமனார் வீட்டு விருந்துல எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் சாப்பாட்டை இழுக்குற சீனோட முழு ருசி முதல் படம் பார்த்தவங்களுக்குத்தான்.

கேள்வி: 20 வருஷம் முன்னாடி இங்க சிடி வாடகைக்கு எடுத்து பார்த்த ஆளு நான். லயன் கிங், அலாவுதீன், சிண்ட்ரெல்லா எல்லாத்துக்கும் ரெண்டாம் பாகம் சிடி இருக்கும், ஆனா தியேட்டர்ல வந்ததா ஞாபகமே இல்ல. அதெல்லாம் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?
டாக்ஸி ஓட்டுநர், கூடலூர்

பதில்: ஒரிஜினல்தான் தம்பி, டிஸ்னியே எடுத்தது. தியேட்டருக்கு இல்லாம நேரா கேசட், சிடிக்குன்னே குறைஞ்ச செலவுல எடுத்தாங்க. 1994-ல அலாவுதீனோட ரெண்டாம் பாகம் ஓஹோன்னு வித்துச்சு, அதுல பூதத்துக்கு குரல் குடுத்த ராபின் வில்லியம்ஸ் கூட கிடையாது, அப்பவும் வித்துச்சு. விடுவாங்களா? 1998-ல சிம்பாவோட பொண்ணு கதை, 1950-ல வந்த சிண்ட்ரெல்லாவுக்கு 2002-ல ரெண்டாம் பாகம், 1942-ல வந்த பாம்பிக்கு 2006-ல ரெண்டாம் பாகம். கல்யாணம் பண்ணி சுகமா வாழ்ந்தாங்கன்னு முடிச்ச கதைக்கு 52 வருஷம் கழிச்சு என்ன பாக்கி இருக்கும்? 2006-ல டாய் ஸ்டோரி எடுத்த பிக்சார் கம்பெனியை டிஸ்னி வாங்கினதும் அங்க இருந்து வந்த ஜான் லாசெட்டர் இந்த ரகத்துக்கே கும்பிடு போட்டுட்டாரு. நானும் அப்ப ஒரு கடையில சிடி எடுப்பேன், கடைக்காரர் பேர் வேண்டாம், சிங்கப் படம்னு உறைக்குள்ள போட்டு குடுத்ததை வீட்ல போட்டா ஒரு கல்யாண ரிசப்ஷன் ஓடுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் தேடிட்டு இருப்பாங்க பாவம்.

கேள்வி: பசங்க தமிழ் டப்பிங்ல பார்க்கணும்ங்கிறாங்க, நான் இங்கிலீஷ் பழகட்டும்னு நினைக்கிறேன். எது நல்லது அக்கா?
ஒரு அம்மா, அரவேணு

பதில்: இங்கிலீஷ் பழக ஸ்கூல் ஃபீஸ் கட்டுறீங்கல்ல, படமாவது சிரிச்சு பார்க்கட்டும். முன்ன டப்பிங்னா பேப்பரை பார்த்து படிக்கிற மாதிரி இருக்கும், இப்ப நல்ல ஆளுங்களை வச்சு பண்றாங்க. ஃப்ரோஸன் 2-ல எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன். 2019 லயன் கிங்ல டிமோனுக்கு சிங்கம்புலி, பும்பாவுக்கு ரோபோ சங்கர், சிங்கப் படத்தை மறந்துட்டு அந்த காட்டுப்பன்னிக்காகவே பசங்க திரும்ப திரும்ப போட்டாங்க. 2024-ல முஃபாசா வந்தப்பவும் அதே ஜோடிதான். சங்கர் இப்ப இல்ல, இனி ஒரு பாகம் வந்தா அந்த பன்னி யார் குரல்ல பேசும்னு நினைச்சா கஷ்டமா இருக்கு. நம்ம பக்கத்து வீடுகள்ல வீட்ல படகர் பாஷை, ஸ்கூல்ல இங்கிலீஷ், பஸ்ல தமிழ்னு பேசுற குழந்தைங்க எந்த மொழில போட்டாலும் பார்த்துக்கும், பயப்படாதீங்க.

கேள்வி: குழந்தைகள் தினத்துக்கு ஒரு படம் போடணும். ஒண்ணாம் வகுப்புல இருந்து எட்டு வரைக்கும் ஒரே ஹால். மோவானா 2 போடலாம்னு ஒருத்தர், பூஸ் இன் பூட்ஸ் ரெண்டாவது போடலாம்னு ஒருத்தர்.
பள்ளி ஆசிரியை, கோத்தகிரி

பதில்: டீச்சர், மோவானா 2 முதல்ல வீட்ல பார்க்குற சீரியலாத்தான் ஆரம்பிச்சு, அப்புறம் படமா மாத்தி 2024-ல தியேட்டருக்கு விட்டாங்க, பார்த்தா அந்த ஒட்டு தெரியும், எபிசோடு எபிசோடா போற மாதிரி. முதல் படத்துக்கு பாட்டு போட்ட லின் மானுவல் மிராண்டாவும் இதுல இல்ல. கடல் அழகா இருக்கு, சின்னதுங்க கத்தாம பார்க்கும். 2022-ல வந்த பூனை படம் பல மடங்கு உசத்தி, ஒன்பது உயிர்ல எட்டை வெட்டியா செலவு பண்ணிட்டு கடைசி ஒண்ணை வச்சுட்டு நடுங்குற பூனை, இப்படி ஒரு ரெண்டாம் பாகம் வரும்னு யாரும் எதிர்பார்க்கல. ஆனா அதுல ஒரு ஓநாய் விசில் அடிச்சுட்டே வரும், அது வேற யாரும் இல்ல, சாவு. ஒண்ணாம் வகுப்பு குழந்தைங்க ராத்திரி தனியா பாத்ரூம் போகாது, அடுத்த நாள் அம்மாங்க உங்களைத்தான் கேப்பாங்க. ஹாலை ரெண்டா பிரிச்சுடுங்க. ஜெனரேட்டர்ல டீசல் இருக்கான்னும் முன்கூட்டியே பார்த்துக்கோங்க.

கேள்வி: பேரன் கூட இந்த படங்களுக்கு போனா இடைவேளைக்குள்ள தூங்கிடுறேன். என்ன செய்யலாம்?
ஓய்வு பெற்ற தபால்காரர், கொடைக்கானல்

பதில்: தூங்குங்க ஐயா. குறட்டை மட்டும் வேண்டாம். எழுந்ததும் பேரன்கிட்ட கதை கேளுங்க, அவன் சொல்றது அனேகமா படத்தை விட நல்லா இருக்கும்.