பெனால்டியை விட்ட பையன் பந்துக்கே வர மறுக்கிறான்

கேள்வி: அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மாவட்டக் கால்பந்துப் போட்டி அரையிறுதி சமனாகி, டை பிரேக்கரில் எங்கள் எட்டாம் வகுப்புப் பையன் கடைசிப் பெனால்டியை வெளியே அடித்துவிட்டான். தோற்றுவிட்டோம். அன்றிலிருந்து ஃப்ரீ கிக் என்றாலே பின்னால் போய் நின்றுகொள்கிறான். திட்டிப் பார்த்தேன். ‘மறந்துடுடா’ என்று நல்லபடியாகவும் சொல்லிப் பார்த்தேன். என்ன செய்யலாம்?

பதில்: திட்டினால் வேலைக்கு ஆகாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ‘மறந்துடு’ என்பதையும் நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பந்து கம்பத்தைத் தாண்டிப் போவதுதான் அவன் கண்முன் வரும்.

முதலில் நீங்கள் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடைசியாக அடிக்க அவனைத் தேர்ந்தெடுத்தது யார்? பெரும்பாலான பள்ளி டீம்களில் ஆட்டம் முடிந்ததும் கோச் வட்டமாக நிற்கவைத்து ‘யாரு அடிக்கிறீங்க?’ என்று கேட்பார். யாரோ ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கை தூக்குவான். அங்கேயே பாரம் முழுவதும் அவன் தலையில் ஏறிவிடுகிறது. கோல் போகாவிட்டால், தானே கேட்டு வாங்கிக்கொண்ட தோல்வி என்றுதான் அவன் நினைப்பான்.

1996 யூரோ கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து வீரர் கேரத் சவுத்கேட்டுக்கு நடந்ததும் இதுதான். வெம்ப்ளியில் ஜெர்மனிக்கு எதிராக இரு அணியிலும் முதல் ஐந்து பேரும் கோல் அடித்துவிட்டார்கள். ஆறாவதாக அவரே முன்வந்தார். அவர் வழக்கமாகப் பெனால்டி அடிப்பவர் இல்லை. கீப்பர் கோப்கே பந்தைத் தடுத்தார். இங்கிலாந்து வெளியேறியது.

அதே சவுத்கேட் 2018 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்தின் கோச்சாகப் போனபோது, பெனால்டியை லாட்டரியாகப் பார்க்கவில்லை. பல மாதம் பழக வைத்தார். அதுவும் கால் சோர்ந்த பிறகு. யார் எந்த வரிசையில் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்தார். நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் பழைய ஷூட்-அவுட்களை (நாம் சொல்லும் டை பிரேக்கர்தான்) பார்த்து ஒன்றைக் கவனித்திருந்தார்: விசில் ஊதியதும் இங்கிலாந்து வீரர்கள் சராசரியாக அரை நொடிகூட நிற்காமல் ஓடிப்போய் அடிக்கிறார்கள். ‘முடிந்தால் போதும்’ என்ற அவசரம்! சவுத்கேட்டின் ஆட்களோ நிதானமாக மூச்சு விட்டு அடித்தார்கள். மாஸ்கோவில் கொலம்பியாவுக்கு எதிராக ஹெண்டர்சன் தவறவிட்டும், 4–3 என்று ஜெயித்தார்கள். உலகக் கோப்பையில் இங்கிலாந்து ஜெயித்த முதல் ஷூட்-அவுட் அது.

அவரும் சறுக்கினார். யூரோ இறுதி, 2021: ஷூட்-அவுட்டுக்காகவே ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் இறக்கினார். கால் சூடேறாத இருவரும் தவறவிட்டார்கள். கடைசியாகப் போன 19 வயது சாக்காவும் தவறவிட்டார். என்னைக் கேட்டால் அது மோசமான முடிவு. ஆனால் ஆட்டம் முடிந்ததும், ஆட்களைத் தேர்ந்தெடுத்தது நான், பொறுப்பும் என்னுடையது என்று வெளிப்படையாகச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். 2024 யூரோ காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஷூட்-அவுட்டில் அதே சாக்கா கோல் அடித்தார்.

சரி, உங்கள் மைதானத்துக்கு வருவோம். டீம் முழுவதும் இருக்கும்போது ஒருமுறை சொல்லுங்கள்: ‘அன்னைக்கு டை பிரேக்கருக்கு நாம பழகவே இல்ல. அது என் தப்பு.’ அவன் பெயரை எடுக்க வேண்டாம். அவன் தோளில் கை போடவும் வேண்டாம். ஊரே பார்க்கும் ஆறுதல் பதிமூன்று வயதில் தண்டனை மாதிரி இருக்கும். சொல்லிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

அடுத்த இரண்டு வாரம் நாலுக்கு நாலு ஆட்டமாக நிறைய ஆடவையுங்கள். சின்ன இடத்தில் ஒளிய முடியாது, பந்து தானாகவே அவன் காலுக்கு வரும். பாஸ் தப்பினாலும் அடுத்த நொடியே வேறு பந்து வந்துவிடும். தைரியம் திரும்புவது பெரும்பாலும் இப்படித்தான், பேச்சில் இல்லை.

அப்புறம் டை பிரேக்கரையே பழக்குங்கள். எல்லோரையும் நடுக்கோட்டில் நிறுத்தி, அங்கிருந்து ஒவ்வொருவராக நடந்துபோய் அடிக்கட்டும். பந்தை வைப்பது, பின்னால் நகர்வது, ஒரு முழு மூச்சு, பிறகு ஓட்டம்: எல்லோருக்கும் ஒரே முறை. எந்த மூலை என்பதை நடக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும், மாற்றக் கூடாது. நான் ஒருமுறை ஒரு பையனிடம் ‘மேல மட்டும் தூக்கிடாதே’ என்று சொல்லி அனுப்பினேன். பந்து மரத்தில் போய் விழுந்தது. ‘இடது பக்கம், தரையோடு’ என்று செய்ய வேண்டியதை மட்டும் சொல்லியிருக்கலாம்.

பந்து உள்ளே போகாதபோது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். நம்ப மாட்டீர்கள், தவறவிட்ட அடுத்த கணம் பையன்கள் கோலைப் பார்ப்பதில்லை. லைனில் நிற்கும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். தலையில் கை வைக்காதீர்கள். திரும்பி நடந்து வருபவனை வழியிலேயே போய்ச் சந்திக்க ஒருவனை நியமியுங்கள். முதல் சில தடவை அந்த வேலையை உங்கள் பையனுக்கே கொடுங்கள்.

சாப்பாடு, தூக்கம் குறைந்திருந்தாலோ பள்ளிக்கே வரத் தயங்கினாலோ, வீட்டில் பேசிவிட்டு மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

இந்த சீசனில் அவனைப் பெனால்டி அடிக்கச் சொல்லாதீர்கள். அவனாக வந்து ‘சார், நான் அடிக்கவா?’ என்று கேட்டால் பட்டியலில் இரண்டாவதாகப் போடுங்கள். கடைசி இடம் இப்போதைக்கு வேண்டாம்.