உள்ளூர் கேபிள் சேனலில் கபடி அலசலுக்கு டச் ஸ்கிரீன்: என்ன வாங்குவது, எப்படி மாட்டுவது?

கிருஷ்ணகிரியில் கேபிள் சேனல், ஒரே அறையில் ஸ்டுடியோ, பொங்கல் கபடிப் போட்டிகளை மறுநாள் அலசும் நிகழ்ச்சி. இங்கிலாந்தின் ஸ்கை ஸ்போர்ட்ஸ் சேனலில் முன்னாள் கால்பந்து வீரர்கள் கேரி நெவிலும் ஜேமி கேரகரும் திரையில் கோடு போட்டு ஆட்டத்தை அலசுவது போல வரவேண்டும் என்கிறீர்கள்.

பாதி வரும். ஆட்டக்காரரின் காலடியில் வட்டம் ஒளிர்கிறதே, அது திரையின் வேலை இல்லை, மென்பொருளின் வேலை. புல்லின் பச்சையை வைத்து ஆளைத் தனியே பிரித்து, வட்டத்தை அவருக்கு அடியில் போடுகிறார்கள். நம் ஊர் செம்மண் களத்தில் மண்ணின் நிறமும் வெறுங்காலின் நிறமும் கலந்துவிடும், அந்த வித்தை எடுபடாது. 1982இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஒளிபரப்பில் வர்ணனையாளர் ஜான் மேடன் நிறுத்திய படத்தின் மேல் வெறும் கோடுதான் கிறுக்கினார். உங்களுக்கும் அது போதும். "அப்போ எதற்கு டச் ஸ்கிரீன், மவுஸே போதுமே" என்று கமெண்ட்டில் யாராவது வருவார்கள். ஆள் நின்று கையை நீட்டிக் காட்டுவதுதான் டிவியில் எடுபடுகிறது, மவுஸில் அது வராது.

பள்ளி ஸ்மார்ட் வகுப்பறைகளில் மாட்டுகிற பேனலையே வாங்குங்கள், 65 இன்ச். 86 இன்ச் வாங்கினால் பேசுபவர் எதிர்ப்பக்க மூலையை எட்ட கேமராவுக்கு முதுகு காட்ட வேண்டிவரும், சின்ன அறையில் கேமராவைப் பின்னுக்குத் தள்ளவும் இடம் இருக்காது. இந்தப் பேனல்களில் பெரும்பாலும் அகச்சிவப்பு டச் இருக்கும். சட்டத்தின் உள்விளிம்பில் வரிசையாக ஒளி போகிறது, விரல் குறுக்கே வந்தால் அந்த நிழலை வைத்து இடம் கண்டுபிடிக்கிறது. கண்ணாடியைத் தொடாமலே, ஒரு மில்லிமீட்டர் மேலே எது வந்தாலும் தொட்டதாகவே எடுத்துக்கொள்ளும். சட்டைக் கை, துப்பட்டா, வாட்ச், எல்லாமே கோடு போடும். கையை முழங்கை வரை மடித்துவிடச் சொல்லுங்கள். ஹாலஜன் விளக்கு இருந்தால் கழற்றிவிடுங்கள். அதிலிருந்து அகச்சிவப்பு கொட்டும், திரை தானாகத் தொட்டுக்கொள்ளும். கிரானைட் பட்டறை பக்கத்தில் இருந்தால் உள்விளிம்பில் தூசு படிந்து ஒரே இடத்தில் கோடு விட்டு விட்டு வரும். காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டினால் போதும், ஈரத்துணி வேண்டாம்.

மாட்டும்போது அதிகம் சொதப்புவது வயரில். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும்தான் கொண்டுபோகும். தொடுதலுக்குத் தனி யுஎஸ்பி கேபிள் போடவேண்டும். அது 5 மீட்டரைத் தாண்டினால் சாதாரண கேபிள் நம்பகமில்லை, சிக்னலைப் பெருக்கித் தரும் ஆக்டிவ் கேபிள் வாங்குங்கள். அப்புறம், பேனலில் விரலை வைத்தால் கோடு லேப்டாப் திரையில் விழலாம். பேனல் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' போய், 'செட்டப்' அழுத்தி, எது டச் திரை என்று ஒருமுறை தொட்டுக் காட்டினால் சரியாகிவிடும். விரலை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆவதை 'பென் அண்ட் டச்' பகுதியில் அணைத்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷனையும். ஒளிபரப்பின் நடுவே யாரோ அனுப்பிய குட் மார்னிங் மெசேஜ் திரையில் எட்டிப்பார்க்கக் கூடாது.

பேனல் 4கே என்றாலும் கணினியின் வெளியீட்டை 1920×1080, 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். விநாடிக்கு 25 அல்லது 50 ஃபிரேமில் எடுத்த வீடியோ 60 ஹெர்ட்ஸில் சீராக ஓடாது, ரெய்டரின் (பாடிப் போகிறவரின்) கால் துள்ளித் துள்ளிப் போகும். அதே வெளியீட்டை ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்து, எந்தப் படம் ஒளிபரப்பில் போக வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்சருக்கும் ஒரு கேபிள் கொடுங்கள். பேசுபவர் திரையருகே போகும்வரை கேமரா, கோடு போடத் தொடங்கியதும் கணினியின் நேரடிப் படம், முடிந்ததும் மறுபடி கேமரா. இதை விட்டுவிட்டு முழு நிகழ்ச்சியையும் கேமரா வழியாகவே காட்டினால் திரையில் நெளிநெளியாக அலை தெரியும். கேமரா போகஸை ஆள் முகத்தில் வைத்து, திரை லேசாக மங்கினாலும் பரவாயில்லை என்று விட்டால் அந்த அலை குறையும். முகத்தின் நிறம் சரியாக வர கேமராவில் ஒயிட் பேலன்ஸ் வைத்த பிறகு பேனல் நீலமாகத் தெரிந்தால் பேனல் மெனுவில் 'வார்ம்' பக்கம் தள்ளுங்கள், கேமராவைத் தொடாதீர்கள். பின்விளக்கை ரொம்பக் குறைத்தால் சில பேனல்களில் கேமராவில் கறுப்புப் பட்டை ஓடும். அப்போது பின்விளக்கை ஏற்றிவிட்டு, வெளிச்சத்தைக் கணினிப் பக்கத்தில் குறையுங்கள்.

மென்பொருளுக்கு கினோவியா போதும், இலவசம்தான். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தலாம், கோடு, வட்டம், கோணம் போடலாம், களத்தின் நான்கு மூலைகளைக் காட்டி சாய்வுக்கு ஏற்ற கட்டம் விரிக்கலாம். ஆண்கள் களம் 13×10 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து ரெய்டர் தாண்டியாக வேண்டிய பாக் லைன் 3.75 மீட்டர், கூடுதல் புள்ளிக்கான போனஸ் லைன் அதற்கும் 1 மீட்டர் தள்ளி. கட்டம் சரியாக விழுந்தால் ரெய்டர் போனஸுக்குக் கால் வைத்தாரா என்ற டீக்கடைச் சண்டையை ஸ்டுடியோவிலேயே தீர்க்கலாம். ஒன்று, அதில் பட்டன்கள் விரலுக்குச் சின்னவை. ஓட்டுவது, நிறுத்துவது எல்லாம் கீபோர்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் செய்யட்டும், பேசுபவர் கோடு மட்டும் போடட்டும். 30 விநாடி ரெய்டில் இரண்டு இடத்தில் நிறுத்தினால் போதும், அதற்கு மேல் நிறுத்தினால் பார்ப்பவர் சேனல் மாற்றிவிடுவார்.

இத்தனையும் இருந்தும் களத்தில் எடுத்த படம் சரியில்லை என்றால் ஒன்றும் நடக்காது. அலசலுக்குத் தேவை களத்தின் ஒரு முனையில், 12 அடி உயரத்தில், அசையாத ஒரு கேமரா. ஷட்டர் வேகம் 1/100 விநாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி ஃபிளட் லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கும், வேகத்தை அதற்கு மேல் ஏற்றினால் படத்தில் பட்டை விழும்.

ஆனால் அந்த இடத்தை யார் தருகிறார்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போட்டி நடத்துபவர்கள் மேடைக்குச் சாமியானா, நாற்காலி, பொன்னாடை எல்லாம் யோசிப்பார்கள். கேமராக்காரரை மட்டும் கூட்டத்துக்குள் நிற்க விடுவார்கள். புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட் ஆகும் டூ ஆர் டை ரெய்டு போகும்போது விருந்தினர் எழுந்து சால்வை வாங்குவார், மைக்கில் நன்கொடையாளர் பட்டியல் ஓடும். ரெய்டரின் பாட்டும் கேட்காது, நடுவரின் விசிலும் கேட்காது. நோட்டீஸ் அடிக்கும் முன்பே கமிட்டியிடம் பேசி, இரண்டு சவுக்குக் கம்பும் பலகையும் வைத்து ஒரு பரண் கட்டச் சொல்லுங்கள்.

பேனலை ஓசூரில் வாங்கினாலும் பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுபோய், கடையில் ஓடும் பேனலை அதன் வழியாகப் பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பேனல் கேமராவில் பட்டை அடிக்கலாம், அது பெட்டியில் எழுதியிருக்காது.