ஆறு ரின் பால்மா வாங்க முன்னம் கிளினிக் புத்தகத்தைத் திறவுங்கள்

கேள்வி: வணக்கம் மிஸி. துணுக்காய்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் ஏழு பேர் தாய்மார் ஆதரவுக் குழுவில் இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து 34 நாள். "பால் காணாது, பின்னேரம் முழுக்கப் பிள்ளை கத்துது" என்று அழுகிறாள். அவளுக்குத் தாய் இல்லை. மாமி வயலோடு. புருசன் மேசன் வேலைக்கு வவுனியா போய்க் கிழமைக்கு ஒருக்கா வருவார். குழந்தை பிறந்தபோது 2 கிலோ 700 கிராம், ஒரு மாதக் கிளினிக்கில் 3 கிலோ 150. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கம் உதவிக் காசு அனுப்பியிருக்கிறது. அதில் ஆறு ரின் பால்மா வாங்கிக் கொடுப்பதென்று குழுவில் முடிவெடுத்து, இரண்டு வாங்கியும் விட்டோம். எந்த மா நல்லது என்று ஊருக்கு வந்துபோகிற சத்துணவு ஆலோசகர் ஒருவர் சொல்லித் தந்தார். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், தங்கச்சி. விடையை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். 2 கிலோ 700, பிறகு 3 கிலோ 150. இந்த இரண்டு எண்ணையும் குழுவில் ஒருவராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?

பிறந்த பிள்ளை முதல் சில நாளில் கொஞ்சம் மெலியும். அது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளது. இரண்டு கிழமை அளவில் பிறந்த நிறைக்குத் திரும்பிவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தக் குழந்தை ஒரு மாதக் கிளினிக் வரைக்கும் மிச்சப் பதினாறு நாளில் 450 கிராம் ஏறியிருக்கிறது, நாளுக்கு 28 கிராம். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நாங்கள் திருப்தியோடு புத்தகத்தை மூடி அடுத்த தாயைக் கூப்பிடுவோம். பால் காணாத பிள்ளைக்கு இந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது? காற்றைக் குடித்தா வளர்ந்தது?

சரி, ஏன் கத்துகிறது? பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு முலையை விடாமல் அரை மணிக்கொரு தரம் கேட்பது இந்த வயதுப் பிள்ளைகளின் குணம். ஆறாம் கிழமை அளவில் அழுகை உச்சத்துக்குப் போய் பிறகு தணியும். பிள்ளை அடிக்கடி குடிப்பதுதான் நாளைய பாலுக்குச் சொல்லி வைக்கிற முறை. இறைக்கிற கிணறு ஊறும் என்று எல்லா மிட்வைஃபும் சொல்லுவார்கள், நானும் முப்பது வருசம் சொல்லி எனக்கே அலுத்துப் போய்விட்டது. ஆனால் வேறு விதமாகச் சொல்ல வழியில்லை. ஒரு நேரம் போத்தலைக் கொடுத்தால் அந்த நேரத்துப் பால் இறைபடாது. நாளைக்கு அவ்வளவும் குறைய ஊறும். "பாருங்கோ, நான் சொன்னனான், பால் காணாது" என்று அப்போது பக்கத்து வீடு சொல்லும். அந்த வேளையில் அது உண்மையாகவும் இருக்கும்.

இனி உங்கள் ஆறு ரின். 400 கிராம் ரின் ஒன்று, போத்தலையே நம்பியிருக்கிற ஒரு மாதப் பிள்ளைக்கு ஆறு நாள் காணும். இரண்டு மாதம் தாண்டினால் நாலு நாள். ஆறு ரின்னும் கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதற்குள் தாயின் பால் வற்றத் தொடங்கியிருக்கும். ஆறு மாதம் முடிய இன்னும் நாலு மாதம் கிடக்கும், மாதத்துக்கு ஏழு ரின் தேவைப்படும். சங்கம் அனுப்புமா? அனுப்பாது. அடுத்த மாதம் அவர்களுக்கு வேறு திட்டம் இருக்கும். அப்போது அவள் செய்யப்போவது என்னவென்று நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒரு கரண்டி போடவேண்டிய இடத்தில் அரைக் கரண்டி. பிறகு கடையில் விற்கிற சாதாரணப் பால்மாப் பக்கற், அது ஒரு வயதுக்கு முன்னம் கொடுக்கவே கூடாதது. இந்த ஆகஸ்ட் வெயிலில் கிணறு அடித்தளத்தில் கிடக்கிறது. பவுசர் தண்ணியைக் கொதிக்கவைத்து, போத்தலையும் அவித்து, இராத்திரி மூன்று தரம் எழும்பிக் கரைக்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? உதவி என்று கொடுக்கிறது அவளுக்கு இன்னொரு வேலைதான்.

தண்ணி பற்றி ஒன்று. வெயிலுக்குப் பிள்ளைக்குத் தண்ணி பருக்கவேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணிதான். சீனித்தண்ணி, கற்கண்டுத் தண்ணி, ஓமத் தண்ணி ஒன்றும் வேண்டாம். தண்ணி குடிக்கவேண்டியது தாய். பத்தியம் என்று சொல்லி அவளுக்குத் தண்ணியை அளந்து கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாகத்துக்குக் குடிக்கட்டும்.

இப்போது அந்த ஆலோசகருக்கு வருகிறேன். அவரிடம் அரசாங்க அடையாள அட்டை இருக்கிறதா, எந்தப் பணிமனையில் பதிவு என்று நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். வெள்ளைச் சேட்டும் கழுத்தில் தொங்குகிற அட்டையும் எங்கள் சனத்துக்குக் காணும். இப்படி மா விற்க வருகிற ஆட்கள் எல்லா ஊரிலும் ஒரே பாடம்தான் படித்தவர்கள். முதலில் தாயிடம் "பாலைப் பிழிந்து காட்டுங்கோ" என்பார்கள். பயத்தில், புது ஆளுக்கு முன்னால், கையால் பிழிந்தால் ஒரு தேக்கரண்டி கூட வராது. பால் இறங்குவதற்கு உடம்பில் சுரக்கவேண்டியது பயத்திலும் நோவிலும் தடைப்படும். பிள்ளை குடித்தால் வருகிற பால் பிழிந்தால் வராது. ஆகவே பிழிந்து பார்ப்பது அளவே இல்லை. அடுத்தது "மார்பு மெத்தென்று கிடக்குது, பால் இல்லை" என்பார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு மார்பு மெத்தென்று கிடப்பது சாதாரணம், தேவைக்கும் ஊறலுக்கும் கணக்குச் சரிப்பட்டுவிட்டது என்று பொருள். மூன்றாவது, முலை குடித்து முடித்த பிள்ளைக்குப் போத்தலைக் கொடுத்து "பாருங்கோ எப்படி இழுக்குது" என்பது. வாயில் வைத்ததைச் சூப்புவது பச்சைப்பிள்ளையின் இயல்பு, பசி இல்லாமலும் சூப்பும்.

உலக சுகாதார நிறுவனம் 1981இல் பால்மா விற்பனைக்கு ஒரு விதிக்கோவை கொண்டுவந்தது. இலங்கை 1983இல் தனக்கென்று ஒன்றை ஏற்படுத்தியது. பால்மாவுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது, கம்பனி ஆட்கள் தாய்மாரை நேரில் அணுகக்கூடாது, சுகாதார ஊழியருக்குப் பரிசு கூடாது. எழுத்தில் அருமையாக இருக்கிறது. துணுக்காய்ச் சந்தியில் அதை யார் பிடிக்கிறார்கள்? அரசாங்கச் சத்துணவு வவுச்சரோடு வருகிற கர்ப்பிணிக்கு அரிசி, பருப்பு, நெத்தலிக்குப் பதிலாகப் பெரிய படம் போட்ட மாவு ரின்னைக் கட்டியடிக்கிற கடையை நானே பார்த்து, எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான்.

அந்த ஆள் திரும்பி வந்தால் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வாங்கி உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொடுங்கள். எழுதித் தரச் சொன்னாலே அனேகமாக அடுத்த முறை வரமாட்டார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் என் சொல்லை மாற்றுவேன். இதை ஏழு பேரும் மனதில் பதியுங்கள், ஏனென்றால் ஊர் இதைத்தான் தவறவிடும். கத்துகிற பிள்ளையைப் பார்த்து எல்லாரும் ஓடுகிறோம். கத்தாத பிள்ளையை "நல்ல பிள்ளை, அம்மாவைக் கரைச்சல் படுத்தாது" என்று பாராட்டுகிறோம். பயப்படவேண்டியது அந்த நல்ல பிள்ளைக்குத்தான். உண்மையில் பால் காணாத சின்னப் பிள்ளைக்கு அனேகமாக அழச் சக்தி இராது. நித்திரையாகவே கிடக்கும். முலையில் வைத்தால் இரண்டு தரம் இழுத்துவிட்டு உறங்கிப்போகும். எழுப்பினாலும் எழும்பாது. எனவே நித்திரையாய்க் கிடக்கிற பிள்ளையின் துணியைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு பகல் ஒரு இரவில் ஆறு தரமாவது மூத்திரம் போகவேண்டும், நிறமில்லாமல் போகவேண்டும். கடும் மஞ்சளாய், துணியில் செம்மண் கறை மாதிரிப் பிடித்தால் காணாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகும் மலம் கறுப்பாகவே போனால் காணாது. இரண்டு கிழமை கடந்தும் பிறந்த நிறைக்கு வரவில்லை என்றால் காணாது. கண்ணும் தோலும் மஞ்சளித்து, பிள்ளையும் சோர்ந்து கிடந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், மல்லாவி வைத்தியசாலைக்கோ மாங்குளம் வைத்தியசாலைக்கோ அன்றைக்கே கொண்டுபோங்கள். குறைமாதப் பிள்ளைகள்தான் கூடுதலாக இப்படிக் கிடப்பார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா உடுப்பைக் கழற்றி, உள்ளங்காலைத் தேய்த்து, எழுப்பிப் பருக்கவேண்டும். அப்படியொரு பிள்ளைக்கு வைத்தியர் மா எழுதினால் நான் மறுக்கமாட்டேன். எழுதுகிறது வைத்தியராக இருக்கவேண்டும். குழு எழுதக்கூடாது, சங்கமும் எழுதக்கூடாது.

உங்கள் பிள்ளை அந்த வகை இல்லை. நன்றாகக் கத்துகிறது.

நாளைக்கு உங்களில் பொறுமையான ஒருவர், பிள்ளை பெற்றுப் பால் கொடுத்த அனுபவமுள்ள ஒருவர், பின்னேரம் போய் அவளுக்குப் பக்கத்தில் இருங்கள். கூட்டமாய்ப் போகவேண்டாம். பிள்ளை முலையைப் பிடிக்கிற விதத்தைப் பாருங்கள். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, நாடி மார்பில் முட்டவேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு நோகும், பிள்ளைக்கும் காணாது. நொந்தால் சின்னி விரலை வாயோரத்தில் விட்டு விடுவித்துத் திரும்ப வையுங்கள். இருபத்துநாலு மணித்தியாலத்தில் எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு தரம் கொடுக்கட்டும். இராத்திரிப் பாலைத் தவறவிடவேண்டாம், பால் ஊற வைக்கிற சுரப்பு இராவில்தான் கூட. இதற்கு மேல் சிக்கல் என்றால் பெரிய வைத்தியசாலைகளில் தாய்ப்பாலூட்டலுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பால்சுறா வறையும் முருங்கையிலையும் உள்ளியும் சரக்குக் கறியும் கொடுக்கலாம், கேடில்லை. ஆனால் தின்னவேண்டியவள் முதலில் இருக்கவேண்டுமே. மூத்ததையும் பார்த்து, விறகும் பொறுக்கி, தண்ணியும் அள்ளி, தனியே சமைக்கிறவளுக்குப் பால் கொடுக்கக் குந்தியிருக்க நேரம் எங்கே? சங்கத்துக் காசை அதற்குச் செலவழியுங்கள். ஒரு மாதத்துக்கு மத்தியானச் சமையலுக்கு ஒரு ஆளை வையுங்கள். மூத்ததை முன்பள்ளிக்குக் கூட்டிப்போய் வர ஒருவர் வேண்டும். முட்டை, பருப்பு, குளத்து விரால், கிளினிக் போய்வர ஓட்டோக் காசு. கிளினிக்கில் கொடுக்கிற சத்துமா, திரிபோஷா, வந்தால் அதை அவளே சாப்பிடுகிறாளா என்றும் பாருங்கள், மூத்ததும் மாமியும் பங்குபோட்டு முடித்துவிடுவார்கள். காசு அனுப்பினவர்களுக்குப் படம் வேண்டும் என்பது தெரியும். ரின் கொடுக்கிற படம் எடுப்பது சுகம். விறகு வெட்டிக் கொடுக்கிற படத்தையும் எடுத்து அனுப்புங்கள், பார்க்கட்டும்.

இதையெல்லாம் குடும்பநல உத்தியோகத்தர், அதுதான் உங்கள் பகுதி மிட்வைஃப், வந்து சொல்லியிருக்கவேண்டும். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளில் இரண்டு தரம் அவர் வீட்டுக்கு வரவேண்டும் என்பது ஒழுங்கு. ஒருவருக்கு மூவாயிரம் பேர் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். வன்னியில் மூவாயிரம் பேர் எத்தனை மைலுக்குச் சிதறிக் கிடக்கிறார்கள், எத்தனை யானைப் பாதை தாண்டவேண்டும், பக்கத்துப் பிரிவு வெற்றிடமாய்க் கிடந்தால் அதையும் யார் தலையில் கட்டுவார்கள் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. நாட்டின் 2016ஆம் ஆண்டு ஆய்வில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள் என்று வந்தது. நல்ல எண்தான். அதற்கு முந்தின 2006-07 ஆய்வில் வடமாகாணத்தைச் சேர்க்கவே இல்லை. ஆகஸ்ட் முதலாம் திகதி தொடங்கித் தாய்ப்பால் வாரம் கொண்டாடுவார்கள், பனர் கட்டி, பணிசும் பாலும் கொடுத்து, மேடையில் ஏழு பேர் பேசுவார்கள். எட்டாம் திகதி பின்னேரம் அந்த வீட்டில் கத்துகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள் ஏழு பேர்தான்.

வாங்கின இரண்டு ரின்னையும் உடைக்காமல் பில்லோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். எடுக்கமாட்டேன் என்றால் கடைக்காரரோடு சண்டை பிடியுங்கள், "வீணாகப் போகுது" என்று இன்னொரு பச்சைப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகவேண்டாம். இரண்டு கிழமை கழித்துப் பிள்ளையை அதே தராசில் நிறுத்துப் பாருங்கள். 280 கிராமுக்குக் குறைய ஏறியிருந்தால் மிட்வைஃபிடம் காட்டிவிட்டு எனக்கும் எழுதுங்கள்.