திருகி எழும் கோபுரத்தில் வீடு: விலைக்கு முன் லெவியைக் கணக்கிடுங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் முப்பது ஆண்டுகளாகத் தனிவீட்டில் வசிக்கிறோம். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால், இந்த வீட்டை விற்றுவிட்டு, டர்பனின் கடற்கரைப் பகுதியான உம்லாங்காவில் கட்டப்படவிருக்கும் 30 மாடிக் கோபுரத்தில் 90 சதுர மீட்டர் வீடு வாங்க எண்ணுகிறோம். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிட 3 பாகை திரும்பியிருக்கும் என்கிறார்கள். அருகிலுள்ள நேரான கட்டடத்தைவிட விலை அதிகம். அந்தக் கூடுதல் பணம் தகுமா? பொதுப் பராமரிப்புக்கு உரிமையாளர்கள் மாதந்தோறும் கட்டும் லெவியும் கூடுமா? - ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விக்கே முதலில் விடை சொல்ல விரும்புகிறேன்; விலையை ஒரு முறைதான் கொடுப்பீர்கள், லெவியையோ வீடு உங்கள் பெயரில் இருக்கும்வரை கொடுப்பீர்கள். லெவி கூடவே செய்யும். எவ்வளவு கூடும் என்பது, அந்த முறுக்கு கட்டடத்தின் எந்த உறுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் தென்னாப்பிரிக்காவின் செக்‌ஷனல் டைட்டில் முறையில் (அடுக்ககத்தின் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே சொந்தமாக்கும் முறை) உங்கள் வீட்டின் எல்லை வெளிச்சுவரின் நடுக்கோட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பாலுள்ள பாதிச் சுவர் பொதுச் சொத்து. அதைப் பேணுவது, வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பான பாடி கார்ப்பரேட்டின் கடமை. செலவு, வழக்கமாக, வீடுகளின் தரைப்பரப்பு விகிதத்தில் உரிமையாளர்களிடையே பங்கிடப்படும். ஒரு மாடி 400 சதுர மீட்டர் என்றும், லிப்ட், படிக்கட்டு, நடைவழி போக 300 சதுர மீட்டர் வீடுகளாகும் என்றும் கொண்டால், 30 மாடிக்கு 9,000 சதுர மீட்டர். உங்கள் பங்கு 1 சதவீதம். வெளிமுகத்தைச் சீர்செய்ய 6 மில்லியன் ரேண்ட் ஆனால் அதில் 60,000 ரேண்ட் உங்களுடையது. சேமநிதியில் பணம் போதாவிட்டால், அந்த அமைப்பை நடத்தும் டிரஸ்டிகள் அதைச் சிறப்பு லெவியாகவே கேட்பார்கள்.

முறுக்கு எங்கே செலவு வைக்கிறது என்று பார்ப்போம். 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரத் தளத்தை 3 பாகை திருப்பினால், அதன் நான்கு மூலைகளும் கீழ்த்தளத்தின் விளிம்பைத் தாண்டிச் சுமார் அரை மீட்டர் வெளியே நீளும். கீழ்த்தளத்தின் மூலைகளும் அதே அளவுக்கு மேலே மறைப்பின்றித் திறந்து கிடக்கும். நேரான கட்டடத்தில் முக்கியமாகக் கூரையில் கவனிக்க வேண்டிய நீர்க்கசிவுத் தடுப்பை இங்கே மாடிதோறும் செய்தாக வேண்டும். டர்பனின் உப்புக் காற்றும் கோடை மழையும் சேர்ந்து அந்த விளிம்பில் புகுந்தால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டை உடைக்கும். இந்தப் பழுதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது; வெளியே வெடிப்புத் தெரியும் நாளில் உள்ளே துரு வெகுதூரம் போயிருக்கும்.

வெளிச்சுவரைக் கழுவவும் பூசவும் கண்ணாடி மாற்றவும் ஆட்கள் கூரையிலிருந்து தொங்கும் வேலைத் தொட்டிலில் இறங்க வேண்டும். நேரான சுவரில் தொட்டில் நேரே இறங்கும்; திருகிய சுவரில் அது ஓரிடத்தில் சுவரை விட்டு விலகித் தொங்கும், வேறிடத்தில் துருத்திய விளிம்பில் இடிக்கும். அதனால் கயிற்றில் இறங்கும் பயிற்சி பெற்றவர்களை அமர்த்த நேரிடும். வளைந்த கண்ணாடியாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. நான் செலவுக் கணக்குப் பார்த்த ஒரு கடற்கரைக் கட்டடத்தில் உடைந்த ஒரே ஒரு வளைந்த கண்ணாடிக்கு வெளிநாட்டிலிருந்து மாற்று வரும்வரை, அந்த வீட்டுக்காரர் மாதக்கணக்கில் ஜன்னலைப் பலகையால் அடைத்து வைத்திருந்தார்.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். தூண்கள் சாய்ந்து ஏறுகின்றனவா, நேராக நிற்கின்றனவா என்று கேளுங்கள். எப்படியிருந்தாலும், தளம் திரும்பத் திரும்ப அறைக்குள் தூண் வரும் இடம் மாடிக்கு மாடி மாறக்கூடும். ஆகவே விளம்பரத்திலுள்ள பொது வரைபடத்தை ஏற்காமல் உங்கள் மாடியின் வரைபடத்தையே வாங்கி, கட்டிலும் அலமாரியும் சாமி மேடையும் எந்தச் சுவரோரம் நிற்கும் என்று அளந்து வரைந்து பாருங்கள்.

புதுமையான வடிவமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சிகாகோவில் 2009இல் முடிந்த ஆக்வா கோபுரத்தில் உள்ளே எல்லாம் நேரானவை. தளத்தின் விளிம்பை மட்டும் பால்கனியாக மாடிக்கு மாடி வேறுபடுத்தியே அலைபோன்ற தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். சுவீடனின் மால்மோவில் 2005இல் திறக்கப்பட்ட 190 மீட்டர் டர்னிங் டோர்சோவிலோ கட்டடம் முழுவதுமே 90 பாகை திரும்புகிறது. அதன் செலவு மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டியது. விற்பதற்கென்று திட்டமிட்ட வீடுகள் கடைசியில் வாடகைக்குப் போயின. ஜோஹன்னஸ்பர்க்கில் 1975இல் எழுந்த 54 மாடிப் போன்டே, சமையலறைக்கும் குளியலறைக்கும் ஜன்னல் வேண்டும் என்ற நகர விதிக்காகவே நடுவில் குடைவாகக் கட்டப்பட்டது. காரணமுள்ள வடிவம்தான், ஆனாலும் பராமரிப்பு நின்ற ஆண்டுகளில் அந்தக் குடைவிலேயே பல மாடி உயரத்துக்குக் குப்பை குவிந்தது.

கையொப்பமிடுமுன் செக்‌ஷனல் வரைபடத்தின் (வீடுகளின் எல்லையையும் பரப்பையும் காட்டுவது) முன்வடிவு, பங்கு விகிதப் பட்டியல், முதலாண்டு லெவிக் கணக்கு, 10 ஆண்டுப் பராமரிப்புத் திட்டம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். பால்கனி வீட்டின் பரப்பில் சேர்ந்திருந்தால் உங்கள் பங்கும் உயரும். பராமரிப்புத் திட்டத்தில் வெளிமுகத்துக்குத் தனித் தொகை இல்லையென்றால் அந்த லெவிக் கணக்கை நம்பாதீர்கள். வீடு கட்டுவோரைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான என்.எச்.பி.ஆர்.சி.யின் உத்தரவாதம் பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 5 ஆண்டு, கூரைக் கசிவுக்கு 1 ஆண்டு, மற்ற குறைகளுக்கு 3 மாதம் மட்டுமே. நான் மேலே சொன்ன துருவும் கசிவும் பெரும்பாலும் அதற்குப் பிறகே வெளிப்படும்.

இந்த ஆவணங்களைத் தராமல் இழுத்தடித்தால் இப்போது வாங்காதீர்கள். வடிவம் மனத்தை விட்டுப் போகவில்லையென்றால், கட்டி முடிந்து இரண்டு மழைக்காலம் கழியட்டும். அப்போது விற்க வரும் ஒருவரிடமிருந்து, ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகளையும் சேமநிதி இருப்பையும் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.